புதுசா ரியல் எஸ்டேட் லைசன்ஸ் எடுத்த ஆக்கள், புரோக்கரேஜில (ஏஜென்ற் கொம்பனியில) சைன் வைக்க முதல் ஒருக்கா இதை வாசியுங்கோ

கன நாளா எழுதவேணும் எண்டு நினைச்சு தள்ளிக்கொண்டே வந்த விசயம். போன கிழமை தெரிஞ்ச தங்கச்சி ஒராள் போன் அடிச்சு, அண்ணா நான் ஹம்பரில ரியல் எஸ்டேட் கோர்ஸ் முடிச்சிட்டன், ஒரு இடத்தில 90/10 (கொமிஷனில 90 வீதம் எனக்கு, 10 அவைக்கு) தாறம் வாங்கோ எண்டு கூப்பிடினம், போகட்டோ எண்டு கேட்டா. அந்த 90/10 ஐ கேட்ட உடன எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. அதால இண்டைக்கு முழுக்க எழுதிறன், நீளமாத்தான் வரும்.

நான் இருக்கிறது கனடாவில, ரொறன்ரோவின்ர ஸ்காபரோ பக்கம். பத்து வருசமா வெயர்ஹவுஸில ஷிப்ற் வேலை. 2022 தொடக்கத்தில வீட்டு விலை ஏறின ஏத்தம் உங்களுக்கு தெரியும்தானே, எங்கட ஆக்களில ரெண்டு வீட்டுக்கு ஒரு ஏஜென்ற் எண்டு பகிடி விடுவினம், கோயில் கலண்டரில இருந்து பஸ் ஸ்ரொப் வாங்கு மட்டும் கோட் போட்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிற முகம் முழுக்க அவைதான். எனக்கும் ஆசை வந்திட்டுது. வேலைக்கும் போய்க்கொண்டு இரவு இரவா முழிச்சிருந்து அஞ்சு பாடமும் ரெண்டு சிமுலேஷனும் முடிச்சு லைசன்ஸ் கையில வரேக்க 2023 மே. அதுக்கிடையில மார்க்கெற் படுத்திட்டுது. பாங்க் ஒஃப் கனடா 2022 மார்ச்சில 0.25 இல இருந்து வட்டியை ஏத்தத் தொடங்கி 2023 ஜூலையில 5 வீதத்தில கொண்டுபோய் விட்டது. சனம் எல்லாம் சந்தையை விட்டு வீட்ட போற நேரம் பாத்து நான் கடை விரிச்சிருக்கிறன்.

தெரியாத ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். எங்கட ஒன்ராரியோ மாகாணத்தில லைசன்ஸ் இருந்தாலும் நீங்கள் தனிய ஒரு வீடும் விக்கேலாது. ரீகோவில (ஏஜென்ற்மாரை கண்காணிக்கிற அமைப்பு) உங்கட பேர் ஏதாவது ஒரு புரோக்கரேஜுக்கு கீழதான் பதிவாகும், கொமிஷன் காசும் அந்த புரோக்கரேஜுக்குத்தான் போகும், அவை கழிச்சிட்டு உங்களுக்கு தருவினம். வாங்கிறவரோ விக்கிறவரோ நேர உங்கட கையில தந்தால் அது சட்டப்படி பிழை. நீங்கள் எடுக்கிற லிஸ்ரிங் (விக்க எடுத்த வீடு), நீங்கள் சைன் வாங்கிற பையர் அக்ரிமென்ற் (வாங்கிறவரோட ஒப்பந்தம்) எல்லாம் பேப்பரில புரோக்கரேஜின்ர, உங்கட இல்லை. கோர்ஸில இதெல்லாம் படிச்சனாங்கள், சோதினையில சரியாவும் எழுதினன், ஆனா அது என்ர பொக்கற்றை என்ன செய்யும் எண்டு அப்ப யோசிக்கேல்லை.

என்னைக் கூப்பிட்டது ஒரு ரீம் லீடர் அண்ணை. பேர் சொல்லமாட்டன், புரோக்கரேஜின்ர பேரும் சொல்லமாட்டன், இன்பொக்ஸில வந்து கேட்டாலும் சொல்லமாட்டன், வழக்கெண்டு திரிய எனக்கு வசதியில்லை. எங்கட ஊருக்கு பக்கத்து ஊர்க்காரர். ஒரு கலியாண வீட்டில கண்டு, அடுத்த கிழமை ஒபிசுக்கு வாங்கோ தம்பி ஒரு ரீ குடிச்சு கதைப்பம் எண்டார். போனன். கொத்து ரொட்டி எடுத்து வைச்சிருந்தார். "தம்பி, உங்கட ஆள் பழக்கத்துக்கு வருசத்துக்கு பத்து டீல் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். மற்ற இடத்தில புதுசா வாற ஆக்களுக்கு 70/30 தான் குடுப்பினம், நான் உங்களுக்கு 90/10 எழுதிறன். மென்ரர் ஒராள் பக்கத்தில நிண்டு காட்டித் தருவார். வெப்சைற், சைன், பிசினஸ் காட் எல்லாம் எங்கட செலவு. மாசம் 175 டொலர் டெஸ்க் பீ (ஒபிசுக்கு கட்டுற மாசக்காசு) மட்டும் கட்டினால் காணும்."

எனக்கு அந்த 90 மட்டும்தான் காதில விழுந்தது. கொன்ராக்ற் ஈமெயிலில வந்தது, 14 பக்கம், வேலையில லஞ்ச் நேரம் மைக்ரோவேவில சாப்பாடு சூடாகிற இடைவெளியில போனில விரலால தட்டித் தட்டி சைன் வைச்சன். ஆறு லட்சம் ஏழு லட்சம் வீட்டுக்கு மற்றவைக்கு பேப்பர் வாசிச்சு விளங்கப்படுத்த லைசன்ஸ் எடுத்த மனிசன், தன்ர பேப்பரை வாசிக்கேல்லை. நல்லா சிரியுங்கோ, மனிசியும் இண்டு வரைக்கும் சிரிக்கிறா.

ட்ரெயினிங் எண்டது ஒரு வட்ஸ்அப் குரூப். காலமை அஞ்சரைக்கு மோட்டிவேஷன் வீடியோ வரும். சனிக்கிழமையில ரீம் லீடரின்ர லிஸ்ரிங்குக்கு நாங்கள் போய் ஓபன் ஹவுஸ் (வீட்டைத் திறந்து வாறவைக்கு காட்டுறது) பிடிக்கவேணும், அதுக்கு காசு இல்லை, "லீட் (வீடு வாங்கக்கூடிய ஆள்) கிடைக்கும் தம்பி, அனுபவம் வரும்". வாற சனம் எல்லாரும் வாசலில இருக்கிற ஐபாட்டில பேரும் போன் நம்பரும் போடவேணும். இந்த ஐபாட்டை ஞாபகம் வைச்சிருங்கோ.

என்னோட வெயர்ஹவுஸில வேலை செய்த ஒரு அண்ணை, ஏழெட்டு வருசப் பழக்கம், வீடு வாங்க எண்டு என்னோட திரிஞ்சவர். ஒரு சனிக்கிழமை நான் ஓபன் ஹவுஸில நிக்கேக்க தம்பி சும்மா பாத்திட்டு போறன் எண்டு குடும்பத்தோட வந்து, மரியாதைக்கு அந்த ஐபாட்டில பேரைப் போட்டிட்டு போனார். அந்த வீட்டை அவர் வாங்கேல்லை. நாலு மாசத்துக்கு பிறகு பிக்கரிங்கில ஒரு கொன்டோ ரவுன்ஹவுஸ் (பொது நிர்வாகத்துக்கு கீழ வரிசையா இருக்கிற வீடு) பிடிச்சுது.

ஒபர் எழுதின இரவு நான் பட்ட பாட்டை சொல்லவேணும். ஸ்டேற்றஸ் சேர்ட்டிபிக்கேற் (கொன்டோவின்ர காசு நிலைமையைக் காட்டுற பத்திரம்) கண்டிஷனை எப்பிடி எழுதிறது, எத்தினை நாள் விடுறது எண்டு சந்தேகம், ஏனெண்டால் கொன்டோ நிர்வாகம் அதைத் தர பத்து நாள் வரைக்கும் எடுக்கலாம், மற்ற பக்கம் அஞ்சு நாள்தான் எண்டு நிக்கினம். மென்ரருக்கு எடுத்தன், எடுக்கேல்லை. திரும்ப எடுத்தன். பின்னால மேளச் சத்தம், பார்ட்டியில நிக்கிறன் தம்பி, பழைய ஒபர் ஒண்டைப் பாத்து கொப்பி பண்ணுங்கோ எண்டு வைச்சிட்டார். புரோக்கர் ஒஃப் ரெக்கோட் எண்டு ஒவ்வொரு புரோக்கரேஜுக்கும் சட்டப்படி பொறுப்பான ஒராள் இருக்கவேணும், அவரை அண்டு வரைக்கும் நான் கண்ணால கண்டதே இல்லை. கடைசியில சிமுலேஷன் கிளாசில என்னோட இருந்த ஒரு பஞ்சாபிப் பிள்ளை, வேற புரோக்கரேஜில இருக்கிறவ, இரவு பதினொரு மணிக்கு தன்ர மனேஜரைக் கேட்டு எனக்கு வழி சொன்னா. வேற கொம்பனி மனேஜர் எடுக்கிற போனை என்ர மென்ரர் எடுக்கேல்லை.

சரி, டீல் குளோஸ் ஆச்சுது. விலை 720,000. வாங்கிற பக்கத்து கொமிஷன் 2.5 வீதம், 18,000. எச்எஸ்ரியை (விற்பனை வரி) விடுவம், அது அரசாங்கத்தின்ர காசு. 90 வீதம் எண்டால் எனக்கு 16,200 வரவேணும். கார் ஃபினான்ஸ் மிச்சத்தைக் கட்டிமுடிப்பம் எண்டு மனிசிக்கும் சொல்லிப்போட்டன்.

வந்தது 4,350.

ஸ்டேற்மென்றைப் பாத்தால், ஸ்பிளிற் (கொமிஷன் பங்கு) 50/50 எண்டு கிடக்கு. ஏன் எண்டால் அது "ஒபிஸ் லீட்" ஆம். என்னோட ஏழு வருசம் ஒரே மேசையில சாப்பிட்ட மனிசன் ஒபிஸ் லீட்! ஐபாட்டில பேர் போட்ட ஆள் 12 மாசத்துக்குள்ள எந்த வீடு வாங்கினாலும் அது ரீமின்ர லீட் எண்டு கொன்ராக்றின்ர பின்னிணைப்பு ஷெடியூல் பி இல இருக்காம். அப்ப 9,000. அதில மென்ரர் பீ 25 வீதம், 2,250. பார்ட்டியில நிண்டு மேளம் கேட்டவருக்கு. ட்ரான்சக்‌ஷன் பீ 400. ஒபிஸ் இன்சூரன்ஸ் எண்டு 100, நான் ரீகோ இன்சூரன்ஸ் ஏற்கனவே என்ர காசில கட்டினவன். "ஸ்ராட்டர் கிற்" 1,200, அதுதான் அந்த ப்ரீ வெப்சைற்றும் காட்டும் சைனும், முதல் டீலில கழிப்பினமாம், ப்ரீ எண்டது முன்காசு கட்டத் தேவையில்லை எண்ட அர்த்தத்திலயாம். பிறகு நாலு மாச டெஸ்க் பீ பாக்கி 700, அது நியாயம், நான் கட்டாமல் விட்டது.

ஓடிப்போய் கேட்டன். அண்ணை கோவிக்கவே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "தம்பி, ஷெடியூல் பி வாசிச்சனீங்களோ?" எண்டு மெல்லமா கேட்டார். மென்ரர் பீ கொன்ராக்றிலயே இல்லையே எண்டன். அது பொலிசி மனுவலில இருக்கு எண்டார். மனுவலை எனக்கு தரவே இல்லையே எண்டன். கொன்ராக்றில ஒரு வரி இருக்கு தம்பி, மனுவலும் ஒப்பந்தத்தின்ர பகுதி, அதை நாங்கள் நேரத்துக்கு நேரம் மாத்தலாம் எண்டு. திறந்து பாத்தன், 11ஆம் பக்கத்தில உண்மையா இருந்தது. அந்த ஒரு வரிக்கு நான் சைன் வைச்சால் மிச்சம் 13 பக்கமும் வெறும் கடதாசிதான், 90/10 உட்பட.

ரீகோவுக்கு போன் அடிச்சன். நல்ல மரியாதையா கதைச்சினம், ஆனா ஏஜென்றுக்கும் புரோக்கரேஜுக்கும் இடையில கொமிஷன் சண்டை தங்கட வேலை இல்லை, கோட்டுக்குத்தான் போகவேணும் எண்டிச்சினம். இதில இன்னொரு விசயம் விளங்கிச்சு. ரீகோ வெப்சைற்றில போய் பேர் போட்டுத் தேடினால் ஆரும் தண்டனை வாங்கினவையோ எண்டு பாக்கலாம், கட்டாயம் பாருங்கோ. ஆனா நான் அவையைத் தேடிப் பாத்தன், ஒரு புள்ளியும் இல்லை, பால் மாதிரி. எங்களை மாதிரி ஆக்களின்ர பிரச்சினை அங்க போறதே இல்லை, பிறகு எப்பிடி அதில வரும்?

ஒரு பரலீகலிட்டயும் (சின்ன வழக்குகள் பாக்கிறவர்) கேட்டன். ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோட்டில அப்ப 35,000 வரைக்கும் போடலாம் (2025 அக்டோபர் 1 இல இருந்து 50,000 ஆக்கிட்டாங்கள்), ஆனா நீங்கள் சைன் வைச்சிருக்கிறியள், வெல்லுற சான்ஸ் 50/50 எண்டார். அங்கயும் 50/50. விட்டிட்டன்.

வெளியில வாறதும் லேசில்லை. 60 நாள் நோட்டிஸ், எக்சிற் பீ 500, போகேக்க பாக்கியில இருக்கிற டீல் எல்லாம் 50/50 ஆகும். எனக்கு அப்ப ஒரு வாடகை டீல் இருந்தது, 2,600 வாடகை, எங்கட பக்கத்துக்கு அரை மாசம், 1,300. பாதி 650, அதில ட்ரான்சக்‌ஷன் பீ 400. பதினாலு வீடு கூட்டிக்கொண்டு திரிஞ்சதுக்கு 250 டொலர், பெற்றோலுக்கும் காணாது. அதோட என்னோட பையர் அக்ரிமென்ற் சைன் வைச்ச ஒரு குடும்பத்தை விடுவிக்க மாட்டம் எண்டு ரெண்டு மாசம் இழுத்தடிச்சினம், அவை களைச்சுப்போய் வேற ஆளோட வாங்கிட்டினம். அவையில எனக்கு கோவம் இல்லை.

பேந்து ஆறுதலா இருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாத்தன். அந்த ஒபிஸ் சுவரில எண்பது ஏஜென்றின்ர படம் தொங்குது. தலைக்கு 175 எண்டால் மாசம் 14,000, ஒரு வீடும் விக்காமலே. எண்பதில அறுபது பேர் வருசத்துக்கு ஒரு டீலும் செய்யாத புது ஆக்கள். அப்ப அவையின்ர உண்மையான கஸ்ரமர் ஆர் எண்டு யோசியுங்கோ.

அதால தங்கச்சிக்கு நான் சொன்னது, ஸ்பிளிற் எத்தினை எண்டு கேக்கிறதை கடைசியா வையுங்கோ. முதல்ல "லீட்" எண்டு அவை எதைச் சொல்லினம் எண்டு எழுத்தில வாங்குங்கோ, உங்கட சொந்தக்காரர், கூட வேலை செய்யிறவை எல்லாரையும் ஒரு லிஸ்ற் போட்டு இவை என்ர ஆக்கள் எண்டு கொன்ராக்றோட சேக்கச் சொல்லுங்கோ. நல்ல இடம் எண்டால் சேப்பினம், இழுத்தினம் எண்டால் அங்கயே விளங்கும். போன வருசம் சேந்த ஒரு புது ஆளின்ர முதல் டீல் ஸ்டேற்மென்றை, பேரை மறைச்சிட்டு, காட்டச் சொல்லுங்கோ. ஆரும் வாயால சொல்லாத பீ எல்லாம் அந்த ஒரு தாளில இருக்கும். மனுவலை சைன் வைக்க முதலே திகதியோட எடுங்கோ. இரவு ஒன்பது மணிக்கு அவையின்ர மனேஜருக்கு ஒரு போன் அடிச்சுப் பாருங்கோ, இது பகிடி இல்லை. புரோக்கர் ஒஃப் ரெக்கோட்டை நேரில பாருங்கோ, ஏனெண்டால் டெபொசிற் காசு கிடக்கிற ட்ரஸ்ட் அக்கவுண்டுக்கு பொறுப்பு அவர்தான். 2025 ஆகஸ்ட்டில இஞ்ச ஒரு பெரிய புரோக்கரேஜ் ட்ரஸ்ட் அக்கவுண்டில ஒரு கோடி டொலருக்கு மேல குறையுது எண்டு மூடுப்பட்டது எல்லாருக்கும் தெரியும், ரெண்டாயிரத்துக்கும் மேல ஏஜென்ற்மார் ஒரே கிழமையில வேற இடம் தேடி ஓடினவை. பெரிய பேர், கனக்க ஆக்கள் இருக்கினம் எண்டது ஒரு காப்பும் இல்லை. எங்கட ஆள், எங்கட ஊர் எண்டதும் அப்பிடித்தான்.

நான் இப்ப அந்த பஞ்சாபிப் பிள்ளையின்ர புரோக்கரேஜில இருக்கிறன். 75/25, டெஸ்க் பீ இல்லை, டீலுக்கு ஒரு சின்ன பீ, மனேஜர் போன் எடுக்கிறா. வெயர்ஹவுஸ் வேலையை விடேல்லை, பகுதிநேரமாத்தான் ஓடுது. ரவுன்ஹவுஸ் வாங்கின அண்ணைக்கு இந்தக் கதை ஒண்டும் தெரியாது, பால் காய்ச்சின அண்டு எனக்கு வேட்டி வைச்சுத் தந்தவர், அவரிட்ட எப்பிடி சொல்லுறது நீங்கள் ஐபாட்டில பேர் போட்டதுக்கு எனக்கு ஏழாயிரம் போச்சுது எண்டு.

அந்த 1,200 டொலர் ஸ்ராட்டர் கிற்றில வந்த ஆயிரம் பிசினஸ் காட்டில தொளாயிரத்துக்கு மேல கராஜில கிடக்கு. நல்ல தடிப்பான மட்டை. சின்னமகள் பின்பக்கத்தில பூனை கீறுறா.