வயிற்றுக் கிருமி போயிடுச்சா என்று ரத்தத்தில் பார்க்கச் சொன்னால் உஷார்

இரண்டு வருடமாக மேல்வயிற்றில் எரிச்சல். நாலு இட்லி சாப்பிட்டாலே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த மாதிரி வயிறு உப்பிக்கொள்ளும். போன ஆடியில் ஒரு தனியார் கிளினிக்கில் எண்டோஸ்கோபி எடுத்தேன். இரைப்பையிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்த பயாப்சி ரிப்போர்ட்டில் மூன்று விஷயம்: நாள்பட்ட இரைப்பை அழற்சி, எச். பைலோரி கிருமி, அப்புறம் இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா. இரைப்பையின் உள்தோல் குடலின் உள்தோல் மாதிரி மாறிவிடுவதுதான் அந்த மூன்றாவது. புற்றுநோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. அங்கே சொன்னதோ, "கேன்சருக்கு முந்தின ஸ்டேஜ்" என்ற ஒரே வரி. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

14 நாள் மாத்திரை. வாயெல்லாம் இரும்பைக் கடித்த கசப்பு. ஒரு மாதம் கழித்து அவர்கள் லேபிலேயே ரத்தம் எடுத்து, "கிருமி இன்னும் சாகலை" என்றார்கள். மறுபடி 14 நாள், மறுபடி ரத்தம், மறுபடி பாசிட்டிவ். மூன்றாவது கோர்ஸும் முடிந்தபோது 22,000 ரூபாய் போயிருந்தது. அடுத்து 'ஸ்பெஷல் ஊசி பேக்கேஜ்' என்றபோதுதான் மச்சான் என்னை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்த டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, "இந்த டெஸ்டை எதுக்கு எடுத்தாங்க?" என்றார். ரத்தத்தில் தெரிவது கிருமி இல்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி. கிருமி ஒழிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட அது ரத்தத்தில் இருக்குமாம். கிருமி போயிற்றா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் புரதம், இருக்கிறதா என்ற பரிசோதனை செய்ய வேண்டும். அதுவும் ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, பான்டோபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் நிறுத்திவிட்டு. நிறுத்தாமல் பார்த்தால் இருக்கிற கிருமியும் இல்லை என்று காட்டிவிடலாம்.

அப்படியே செய்தேன். நெகட்டிவ். அனேகமாக முதல் கோர்ஸிலேயே போயிருக்கும் என்றார். மீதி 28 நாள் கசப்பு யார் கணக்கில்?

பணத்தைவிட எனக்கு வயிற்றெரிச்சல் பயாப்சியில்தான். இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும் மேல்பகுதியிலும் தனித்தனியாக எடுத்துத் தனித்தனிக் குப்பியில் போட்டால்தான் அந்த உள்தோல் மாற்றம் எவ்வளவு பரவியிருக்கிறது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியுமாம். என்னுடையதில் இரண்டே துண்டு, ஒரே குப்பி. அதனால் மறுபடி குழாயை விழுங்கினேன்.

போன வாரம் அந்த கிளினிக்கிலிருந்து போன். "சார், அடுத்த பிளட் டெஸ்டுக்கு டைம் ஆயிடுச்சு."