நீதிமுறைப் பிரிவா, விவாகரத்தா? இரண்டுக்கும் படியேறியவள் சொல்கிறேன்

"விவாகரத்துன்னு மட்டும் சொல்லாதே, கொஞ்ச நாள் பிரிஞ்சு இருந்து பாரு" என்று அம்மா அழுததால் முதலில் நீதிமுறைப் பிரிவுக்குத்தான் மனு போட்டேன். அப்புறம் விவாகரத்தும் வாங்கினேன். இன்று யாராவது கேட்டால், நேராக இரண்டாவதற்கே போங்கள் என்பேன்.

பிரிவில் சேர்ந்து வாழும் கடமை மட்டும் போகிறது, திருமணம் அப்படியே இருக்கிறது, மறுமணம் கூடாது. ஜீவனாம்சம் இரண்டிலும் கேட்கலாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரிவு சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைத்ததுதான் என் தப்பு. இந்து திருமணச் சட்டத்தில் 1976 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே காரணங்கள். கொடுமை என்று சொன்னால் அதை நிரூபித்தாக வேண்டும். அதே சாட்சிக் கூண்டு, அதே குறுக்கு விசாரணை.

என்னை உலுக்கியது வாரிசுரிமை. பிரிவுத் தீர்ப்பு வந்த பிறகும் சட்டத்தின் கண்ணில் அவர் என் கணவர். எனக்குக் குழந்தை இல்லை. உயில் எழுதாமல் நான் போய்விட்டால், என் சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட் முழுக்க அவருக்கு. அவரும் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுக்கு. அம்மா அப்பா அதற்கும் பின்னால்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-வது பிரிவை வக்கீல் படித்துக் காட்டியபோது நான் நம்பவில்லை, திரும்பப் படிக்கச் சொன்னேன். பெற்றோரிடமிருந்து வந்த சொத்துக்கு வேறு விதி. நான் உழைத்து வாங்கியதற்கு இதுதான். உயில் எழுதினால் தீராதா? தீரும், எழுதினேன். ஆனால் முப்பத்தைந்து வயதில் உயில் எழுத எத்தனை பேருக்குத் தோன்றும்? விவாகரத்து ஆகிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

பிரிவுக்கும் இடம் உண்டு. திருமணமாகி ஒரு வருடம் ஆகாதவர்கள் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது. பிரிவுக்கு அந்தத் தடை இல்லை. பிரிவுத் தீர்ப்புக்குப் பின் ஒரு வருடம் சேராமலே இருந்தால், அதை வைத்தே இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம். நான் அப்படித்தான் வந்தேன், இரண்டாவது வழக்கு, இரண்டாவது ஃபீஸ். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு மாறலாம். அந்த அனுபவம் எனக்கில்லை.

இருவரும் ஒத்துப்போனால் பரஸ்பர சம்மதம்தான் நல்லது. ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிந்தைய ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது.

ஒன்று மட்டும், பேங்க்கில் நாமினி பெயர் தானாக மாறவில்லை. தீர்ப்பு நகல் கிடைத்த வாரமே போய் அம்மா பெயரைப் போட்டேன்.