பந்து வைத்த எக்ஸ்ரேயா, முப்பரிமாணத் திட்டமா: எங்கள் வீட்டு இரண்டு இடுப்பு மூட்டுகள்

அம்மாவின் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியவந்தது கோணேசர் கோயிலுக்கு ஏறும்போதுதான். பாதி வழியில் நின்று, கடல் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தார். இரண்டு மாதம் கழித்து மூட்டு மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானது. "முதலில் கணினியில் வைத்துப் பார்ப்போம், எந்த அளவு சரிவரும் என்று" என்றார் சேர்ஜன். நான் திருகோணமலையில் வீட்டுப் பிளான் கீறிப் பிழைக்கிறவன். எனக்கு உடனே வந்த கேள்வி, படத்துக்கு அளவுத்திட்டம் எங்கே என்பதுதான்.

முன்பெல்லாம் எக்ஸ்ரே பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, இம்பிளாண்ட், அதாவது செயற்கை மூட்டு, செய்யும் கம்பனி தரும் கண்ணாடித் தாளை அதன்மேல் நகர்த்திப் பார்ப்பார்கள். தாளில், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டும் இடுப்புக் குழியில் பொருந்தும் கிண்ணமும் 115 அல்லது 120 சதவீதப் பெரிதாக்கத்தில் அச்சாகியிருக்கும். மெலிந்தவர், பருத்தவர் எல்லோருக்கும் ஒரே தாள். எலும்பு பிலிமிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்கேற்பத்தான் நிழல் பெரிதாகும். பருத்த உடம்பில் இடுப்பு இன்னும் மேலே போகும், தாள் பொய் சொல்லும். பெரிய குறை இது ஒன்றுதான். கரண்ட் போனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் வேலை நடக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது அதே வேலையைத் திரையில் செய்வது. எக்ஸ்ரே எடுக்கும்போது 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகப் பந்து ஒன்றைப் பக்கத்தில் வைப்பார்கள். படத்தில் பந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று மென்பொருள் அளந்து, மொத்தப் படத்தையும் உண்மை அளவுக்குச் சுருக்கும். அப்புறம் கிண்ணம், தண்டு எல்லாம் மௌஸால் இழுத்து வைக்கலாம். தொடை எலும்பின் கழுத்தை எங்கே வெட்டினால் இரண்டு காலும் ஒரே நீளத்துக்கு வரும் என்றும் பார்க்கலாம்.

இதில் சறுக்குவது மென்பொருள் அல்ல, பந்துதான். அம்மாவின் முதல் படத்தில் பந்து தொடைக்குப் பக்கத்தில், மெத்தையின்மேல் கிடந்தது. எடுத்த இடம் எது என்று எழுதப்போவதில்லை. சேர்ஜன் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார். ஏன் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எக்ஸ்ரே குழாய் 100 சென்டிமீட்டர் மேலே, இடுப்பு எலும்பு பிலிமிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே என்று வைப்போம். 100ஐ 85ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 1.18. உண்மையில் 50 மில்லிமீட்டர் உள்ள குழி படத்தில் 59 ஆகத் தெரியும். பந்தோ மெத்தையில், 5 சென்டிமீட்டர் உயரத்தில்தான். அது 1.05 மடங்குதான் பெரிதாகும். மென்பொருள் பந்தை நம்பி 59ஐ 1.05ஆல் பிரித்து, 56 கிண்ணம் போடு என்று சொல்லும். கிண்ணங்கள் பொதுவாக இரண்டிரண்டு மில்லிமீட்டராக ஏறுகிறவை. மூன்று அளவு பிழை! எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது, படம் பார்க்க அழகாகவே இருக்கும்.

இரண்டாம் முறை பந்தைக் கால்களுக்கு நடுவில், தொடையின் பக்கவாட்டில் தட்டுப்படும் எலும்பு மேட்டின் உயரத்துக்கு வைத்தார்கள். "இது என்ன தம்பி, போளையா?" என்று அம்மா சிரித்தார். திட்டத்தில் 50 வந்தது, உள்ளே வைத்தது 52. ஒரு அளவு முன்பின் போவது சாதாரணம் என்றார் சேர்ஜன்.

இரு பரிமாணத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தொடை எலும்பின் கழுத்து முழு நீளத்தில் தெரியவேண்டுமானால் பாதத்தை 15 பாகையாவது உட்பக்கம் திருப்ப வேண்டும். தேய்ந்து இறுகிய மூட்டு திரும்பாது. கழுத்து குட்டையாகத் தெரியும், திட்டமும் அதையே நம்பும்.

இனி சித்தப்பாவின் கதை. மூதூரில் வலை பொத்துகிறவர். பல வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக் குழி உடைந்து, கோணலாகப் பொருந்திவிட்டது. இங்கே பந்து எக்ஸ்ரே உதவாது, குழியின் பின்சுவர் இருக்கிறதா இல்லையா என்பதே அதில் தெரியாது. சீ.டி. ஸ்கேன் எடுத்து முப்பரிமாணத்தில் திட்டமிட்டார்கள். கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு, செலவும் அப்படியே. ஆனால் எலும்பு எங்கே குறைகிறது, ஸ்க்ரூ எந்தப் பக்கம் போனால் பிடிக்கும் என்பதையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். இந்த மாதிரி எலும்புக்கு முப்பரிமாணம் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஸ்கேன் படங்கள் பதிந்த சீடித் தட்டை வாங்கி வந்து, இலவசமாகக் கிடைக்கும் 3டி ஸ்லைசரில் திறந்தேன். ஆராய்ச்சிக்கான மென்பொருள் அது, சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றதல்ல. எனக்கு வெறும் ஆவல். 300க்கும் மேல் துண்டுப் படங்கள். எலும்பை மட்டும் பிரி என்று சொன்னால் நொடியில் பிரித்தது. பிறகுதான் பார்த்தேன், தொடை எலும்பின் தலையும் குழியும் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. குருத்தெலும்பு தேய்ந்து இடைவெளி இல்லாததால் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த இடத்தில் நோயோ, அந்த இடத்தில்தான் கையால், துண்டு துண்டாக வெட்ட வேண்டும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் இது எளிது என்றாலும், அங்கேயும் யாரோ ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கத்தான் வேண்டும்.

முப்பரிமாணத்தின் உண்மையான வலிமை அசைத்துப் பார்ப்பதில்தான். கிண்ணம் 40 பாகை சாய்வும் 15 பாகை முன்நோக்கும் கொண்டிருக்க வேண்டும், பத்துப் பாகை முன்பின் போகலாம் என்பது 1978 இலிருந்து சொல்லப்படும் கணக்கு. அதற்குள் வைத்தும் கழன்ற மூட்டுகள் உண்டு. சித்தப்பாவோ நிலத்தில் குந்தி வேலை செய்கிறவர். திரையில் தொடையை மடக்கி, உட்பக்கம் திருப்பினால், தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் எந்தப் பாகையில் இடிக்கிறது என்று தெரியும். கதிரையில் இருப்பவருக்குச் சரியான கோணம் இவருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு குறை: ஸ்கேன் எடுப்பது படுத்த நிலையில். எழுந்தாலும் உட்கார்ந்தாலும் இடுப்பு எலும்பு சாயும். முதுகு இறுகியவருக்கு அந்தச் சாய்வு வேறு மாதிரி. அதனால் நின்றும் இருந்தும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துச் சேர்த்துக்கொள்வது நல்லது. தசையையும் தசைநாரையும் இந்த அசைவுக் கணக்கு பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

எலும்பை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்துச் சுமையேற்றிப் பார்க்கும் அழுத்தக் கணிப்பும் இருக்கிறது. நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழுவது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு, 60 கிலோ அம்மாவுக்கு 150 கிலோ. டைட்டேனியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. சுமையைத் தண்டே வாங்கிக்கொண்டால் சுற்றியுள்ள எலும்பு வேலையில்லாமல் மெலியும். தண்டை வடிவமைக்கிறவர்களுக்கு இந்தக் கணிப்பு பொன். நோயாளி ஒருவருக்கு எந்தத் தண்டு என்று முடிவெடுக்க இதை நம்பிக் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன். அவருடைய தசை எவ்வளவு இழுக்கிறது என்பதே ஊகமாக இருக்கும்போது விடை எப்படித் துல்லியமாகும்?

ரோபோக் கை பற்றியும் கேட்கிறார்கள். 1992 இலேயே அமெரிக்காவில் இடுப்பு மூட்டுக்கு ரோபோ பயன்படுத்தினார்கள். போட்ட திட்டத்தைப் பிசகாமல் வெட்டுவதுதான் அதன் வேலை. திட்டம் 56 என்றால் 56க்கே வெட்டும்.

அம்மா இப்போது உப்புவெளிக் கடற்கரைவரை நடந்துபோய் வருகிறார். சித்தப்பாவுக்கு அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள். அவருடைய இடுப்பு என் லாப்டாப்பில் பாதி வெட்டினபடி இன்னும் கிடக்கிறது.