அப்டேட் நாளில் திணறும் வளாக நெட்வொர்க்: தடுப்பதா, பங்கிடுவதா, கேஷ் வைப்பதா?

மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு வளாக நெட்வொர்க் படாத பாடு படும். 1,000 லேப்டாப், ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபி என்று வையுங்கள். 1 ஜிபிபிஎஸ் இணைப்பு வேறெந்த வேலையும் பார்க்காமல் இதை மட்டும் இறக்கினாலும் இரண்டேகால் மணி நேரம் போய்விடும். இறங்குவது பெரும்பாலும் அதே ஃபைல்கள்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பகலில் ஃபயர்வாலில் தடுத்து இரவில் திறந்துவிடுவது பலரும் எடுக்கும் முதல் முடிவு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பகலில் மட்டும் வளாகத்துக்கு வரும் லேப்டாப்புக்கு அப்டேட் கிடைக்காமலே போகலாம். பாதுகாப்பு ஓட்டை அப்படியே கிடக்கும்.

அப்டேட்டுக்கு மட்டும் 100 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தால்? அதே 1,000 ஜிபி இறங்க 22 மணி நேரம் ஆகும். தவிர, அப்டேட்கள் பல தளங்களுக்கும் பொதுவான சிடிஎன் (ஃபைல்களின் நகல்களைப் பல இடங்களில் வைத்து வழங்கும்) சர்வர்களிலிருந்து வருவதால் ஐபி முகவரியை வைத்துப் பிரிப்பதும் கஷ்டம்.

எது அப்டேட் என்றே பார்க்காமல் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவது இதைவிட எவ்வளவோ மேல். ரவுட்டரில் போடும் எஃப்க்யூ-கோடல் (fq_codel) என்ற வரிசை முறை, கருவிகள் திறக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் சம பங்கு தரும். பத்து இணைப்பு திறக்கும் கருவி பத்து பங்கை அள்ளிக்கொள்ளும். கேக் (CAKE) என்ற இன்னொரு முறை கருவிவாரியாகவே பங்கிடும். ஆனால் நாட் (NAT: பல கருவிகளை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைப்பது) அதே ரவுட்டரில் நடந்தால் கேக்கில் நாட் ஆப்ஷனைப் போட வேண்டும். இல்லாவிட்டால் வளாகம் முழுவதும் அதன் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரியும். அப்புறம், ரவுட்டரின் மொத்த வேக வரம்பை இணைய இணைப்பின் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். அப்போதுதான் காத்திருக்கும் டேட்டாவின் வரிசை நம் ரவுட்டரில் நிற்கும், அதைப் பங்கிடவும் முடியும்.

பங்கீடு நெரிசலைத் தாங்கவைக்கும், அளவைக் குறைக்காது. அதற்குக் கேஷ்தான் வழி: ஒருமுறை இறங்கிய ஃபைலை வளாகத்திலேயே சேமித்துவைத்து மற்றவர்களுக்கும் கொடுப்பது. ஆப்பிள் கருவிகளுக்கு ஒரு மேக்கில் கன்டென்ட் கேஷிங்கை ஆன் செய்தால் போதும். அதே பொது ஐபியின் பின்னால் இருக்கும் ஐபோன்கள் தாமாகவே அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். விண்டோஸில் டபிள்யூசஸ் (WSUS: அப்டேட்களை நிறுவனமே இறக்கி வழங்கும் சர்வர்) நிறுவனக் கணினிகளுக்குத்தான் சரிவரும். மாணவர்களின் சொந்த லேப்டாப்பில் அது எடுபடாது. அங்கே விண்டோஸிலேயே இருக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷன் கைகொடுக்கும்: பக்கத்துக் கணினியிடமிருந்தே டிசிபி 7680 போர்ட் வழியாகத் துண்டு துண்டாக வாங்கிக்கொள்ளும். வைஃபையில் கிளையன்ட் ஐசொலேஷன் (கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி தடுப்பது) போட்டிருந்தால் இந்தப் பகிர்வு சத்தமில்லாமல் நின்றுவிடும். அதற்காக விடுதி வைஃபையில் ஐசொலேஷனை எடுக்கச் சொல்ல மாட்டேன். வயர் வழி இணைந்த ஆய்வகங்களில் பகிரவிட்டாலே போதும்.

ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் என் ஓட்டு பங்கீட்டுக்கு. அடுத்து ஆப்பிள் கேஷ், அப்புறம் ஆய்வகங்கள். கூடுதல் வேகத்துக்குப் பணம் கேட்பது அதற்குப் பிறகு.