கோட் படமாக வந்தால்: ஓசிஆரா, ஏஐயா, பக்கத்து சீட்டா?

ஆபீஸ் சாட்டில் ஒருவர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறார். கீழே "இதுல என்ன தப்புன்னு பாருங்கண்ணா" என்று ஒரு வரி. பார்வையில்லாத எனக்குத் திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் என்விடிஏ அந்தப் படத்தின் மேல் வந்ததும் "கிராஃபிக்" என்று சொல்லிவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போய்விடும். இருபது வரி கோட் எனக்கு ஒரு சொல்லாக வந்து சேர்கிறது. பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டி முதல் மான்யதா வரை, பார்வையில்லாத புரோகிராமர் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். எரர் மெசேஜ், டெர்மினல், லாக் எல்லாமே படமாக வருகின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு விநாடி போதும், காப்பி செய்ய மூன்று விநாடி ஆகுமே!

இந்தப் படங்களைப் படிக்க இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க ஒரு சின்ன பைத்தான் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். ஒரு லிஸ்ட்டில் உள்ள எண்களைக் கூட்டித் தருவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு எண்ணாகச் சுற்றிவரும் ஃபார் லூப்புக்கு வெளியே இருக்க வேண்டிய, விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரியை யாரோ லூப்புக்குள் தள்ளி எழுதிவிட்டார். முதல் எண்ணைக் கூட்டியதுமே ஃபங்ஷன் திரும்பிவிடும். எரர் எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும். பைத்தானில் ஒரு வரி லூப்புக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அதன் முன்னால் விடும் ஸ்பேஸ், அதாவது உள்தள்ளல்தான் சொல்லும். அதனால் பக் முழுக்க நாலு ஸ்பேஸில் ஒளிந்திருக்கிறது.

முதல் வழி, என்விடிஏவிலேயே இருப்பது. 2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் தொடங்கி, பிறகு ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த இலவச ஸ்கிரீன் ரீடர் இது. படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு டெக்ஸ்ட்டாக்கும் ஓசிஆர் விண்டோஸ் 10 முதல் சிஸ்டத்தோடே வருகிறது, அதை இது 2017 முதல் பயன்படுத்துகிறது. படத்தின் மேல் நின்று என்விடிஏ கீயோடு ஆர் அழுத்தினால் போதும். கிடைத்த எழுத்து ஒரு பக்கமாகத் திறக்கும், அம்புக்குறி கீகளால் வரி வரியாகப் படிக்கலாம், காப்பி செய்யலாம். எல்லாம் என் கணினிக்குள்ளேயே நடக்கிறது, படம் வெளியே எங்கும் போவதில்லை. எரர் பாக்ஸ், ஃபைல் பெயர், லைன் நம்பர் இதற்கெல்லாம் இதைவிட வேகமான வழி கிடையாது. ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி வசதி உண்டு. ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது.

கோட் என்று வந்தால்தான் சிக்கல். எல்லா வரிகளும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். உள்தள்ளலைப் பீப் சத்தமாகவோ பேச்சாகவோ சொல்லும் அமைப்பு என்விடிஏவில் அருமையாக இருக்கிறது, ஆனால் ஓசிஆர் ஸ்பேஸையே விட்டுவிட்டால் அது எதைச் சொல்லும்? நம் ரிட்டர்ன் வரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கடைசிவரை தெரியாது. சிறிய எல்லும் எண் ஒன்றும் இடம் மாறும், அண்டர்ஸ்கோர் காணாமல் போகும். எடிட்டர் தப்பான சொல்லுக்குக் கீழே போடும் சிவப்பு நெளிகோடு, எந்தச் சொல் சரியாகத் தெரிய வேண்டுமோ அதையே குழப்பிவிடும். இன்னொன்று, திரையில் தெரியும் பகுதி மட்டும்தான் இதற்குக் கிடைக்கும். ஸ்கிரீன் கர்ட்டன் போட்டுத் திரையைக் கருப்பாக வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் ஓசிஆரே வேலை செய்யும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணிலிருந்து திரையை மறைக்க அதைப் போட்டு வைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு தினசரி எரிச்சல்.

இரண்டாவது டெசராக்ட். 1980-களில் எச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் ஓப்பன் சோர்ஸ் ஆன ஓசிஆர். கட்டளை வரியில் ஓடும், அழகான பட்டன் எதுவும் கிடையாது. முதல் தடவை ஓட்டிப் பார்த்தால் விண்டோஸ் ஓசிஆரைவிட மோசமாகக்கூடத் தோன்றும், ஏனென்றால் நாம் அனுப்பும் படமே அதற்கு ஒத்துவராதது. வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்தைத்தான் அது விரும்புகிறது. நம் ஆட்களின் எடிட்டர் எல்லாமே டார்க் தீம். நிறத்தைத் தலைகீழாக்கி, படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தால் ஆளே மாறிவிடும்.

ஆனால் டெசராக்ட்டின் உண்மையான பலம் டிஎஸ்வி என்ற அதன் இன்னொரு வெளியீட்டில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லும் படத்தில் இடது ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்ற எண் வரும். எடிட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தானே? பெரிதாக்கிய படத்தில் ஓர் எழுத்து 30 பிக்சல் என்று வையுங்கள். ஃபங்ஷன் தொடங்கும் டெஃப் வரியைவிட 120 பிக்சல் தள்ளித் தொடங்கும் வரிக்கு நாலு ஸ்பேஸ், 240 தள்ளித் தொடங்கினால் எட்டு. ரிட்டர்ன் வரி எட்டில் நின்றால் அது லூப்புக்குள் இருக்கிறது, பக் கையில் சிக்கிவிட்டது. முன்னே பின்னே சில பிக்சல் வரும், ரவுண்ட் செய்தால் சரியாகிவிடும். ஓரத்தில் இருக்கும் லைன் நம்பர்களை மட்டும் முதலில் கழித்துவிட வேண்டும். இதையெல்லாம் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். கிளிப்போர்டில் உள்ள படத்தை எடுத்து, உள்தள்ளலோடு டெக்ஸ்ட் ஃபைலாகத் தரும்.

அதே டிஎஸ்வியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நம்பிக்கை அளவு என்று நூறுக்குள் ஓர் எண்ணும் இருக்கும். அது 60-க்குக் கீழே போன சொற்களுக்கு முன்னால் என் ஸ்கிரிப்ட் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். தனக்கு எங்கே சந்தேகம் என்று சொல்லும் கருவியை நான் நம்புவேன். அதிக மார்க் எடுத்த சொல்லும் சில சமயம் தப்பாக இருக்கும், ஆனாலும் தேட வேண்டிய இடம் நிறையக் குறைந்துவிடுகிறது.

மூன்றாவது ஏஐ. 2023-இல் பார்வையற்றோருக்கு உதவும் பீ மை ஐஸ் செயலிக்குள் ஜிபிடி-4 என்ற ஏஐ வந்ததிலிருந்து எங்கள் வாழ்க்கை மாறியது உண்மை. பிளோ சார்ட், வெப் பேஜின் லேஅவுட், கிராஃபில் எந்தக் கோடு எங்கே ஏறுகிறது என்பதற்கெல்லாம் ஓசிஆர் கிட்டக்கூட வர முடியாது. ஏஐ சொன்ன விளக்கத்தை வைத்து டிசைன் மீட்டிங்கில் நானும் சரிக்குச் சரி பேசியிருக்கிறேன். கோட் படத்தைக் கொடுத்தாலும் உள்தள்ளல், நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து சுத்தமாக எழுதித் தரும்.

அந்தச் சுத்தம்தான் எனக்குப் பயம். நம் ஃபங்ஷனையே ஒரு தடவை கொடுத்துப் பார்த்தேன். வந்த கோடில் ரிட்டர்ன் வரி லூப்புக்கு வெளியே, இருக்க வேண்டிய இடத்தில் ஜம்மென்று நின்றது. படத்தில் இருப்பதை எழுதச் சொன்னால், இருந்திருக்க வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டது. நான் அதை ஓட்டிப் பார்த்தால் விடை சரியாக வரும், அனுப்பியவரிடம் "என் மெஷின்ல நல்லா ஓடுதேப்பா" என்று பதில் போடுவேன். வேரியபிள் பெயரில் இருக்கும் எழுத்துப்பிழையும் இப்படியே திருத்தப்பட்டு வரலாம். ஓசிஆர் தப்பு செய்தால் கன்னாபின்னாவென்று ஒரு சொல் வந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். ஏஐ தப்பு செய்தால் காதுக்கு ஒன்றும் உறைக்காது. "எதையும் திருத்தாதே, உள்ளபடி எழுது" என்று கேட்டால் ஓரளவு அடங்குகிறது, ஆனால் அடங்கியதா இல்லையா என்று சரிபார்க்க எனக்கு இன்னொரு வழி வேண்டும். அந்த வழி ஓசிஆர்தான். அப்புறம் படம் வெளியே ஒரு சர்வருக்குப் போகிறது. கிளையன்ட்டின் கோட், டெர்மினலில் தெரியும் பாஸ்வேர்ட் எல்லாம் அதில் இருக்கலாம். ஆபீஸ் அனுமதித்த ஏஐ எது என்று கேட்காமல் கொடுப்பது வேலைக்கு உலை.

பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்பது நாலாவது வழி. கோபமே வராமல் படித்துச் சொல்லும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் கண் உள்ளவர்கள் கோடை அர்த்தமாகத்தான் படிப்பார்கள், எழுத்தாக அல்ல. எத்தனை ஸ்பேஸ் என்று கேட்டால்தான் எண்ணுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு பஸ் பிடிக்க எல்லாரும் மடிவாளாவுக்குப் பறக்கும் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தோடு சேர்த்து வைக்கும் எழுத்து விளக்கம், போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். படத்துக்கு அது கட்டாயம் வேண்டும், ஆனால் கோடுக்கு அது சரியான இடமல்ல. நாற்பது வரியும் ஒரே மூச்சில் ஓடும், வரி வரியாகப் போக முடியாது. கோட் எழுத்தாகவே வருவதுதான் சரி. டெர்மினலில் கட்டளைக்குப் பின்னால் பைப் போட்டு கிளிப் என்று அடித்தால் விண்டோஸில் வெளியீடு முழுக்க காப்பி ஆகிவிடும். மும்பை ஐஐடியில் படித்துவிட்டு கார்னெல் போன பார்வையற்ற கணினி அறிஞர் டி.வி. ராமன், 1994-இல் முடித்த தன் முனைவர் ஆய்வில் கணிதச் சமன்பாடுகளைப் பேச வைத்தது அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து அல்ல, அதை உருவாக்க எழுத்தாகவே தட்டிய லேடெக் மூலத்திலிருந்துதான். எழுதியவரிடம் மூலம் இருக்கும்போது அதன் படத்திலிருந்து ஏன் மீட்டெடுக்க வேண்டும்?

வலைப்பக்கங்களை எல்லாரும் அணுக வகுத்த டபிள்யூசிஏஜி விதிகளில் 1.4.5, எழுத்தைப் படமாக வைக்காதே என்றுதான் சொல்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது, டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. டீம் சாட்டில் விழும் ஸ்கிரீன்ஷாட்டை எந்த ஆடிட்டும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். அங்கே "தம்பி, டெக்ஸ்ட்டா போடுப்பா" என்று நாமேதான் கேட்க வேண்டும். என் டீமில் இப்போது பக் டிக்கெட்டில் எரர் டெக்ஸ்ட்டுக்குத் தனிக் கட்டம், படம் அதற்குக் கீழே.

கடைசியாக மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர். அதுவும் படம்தான், போதாக்குறைக்கு ஓடும் படம். என்விடிஏ ஓசிஆரில் ஒன்றரை விநாடிக்கு ஒரு முறை தானே புதுப்பிக்கும் அமைப்பு இருக்கிறது. மெதுவாகக் காட்டுபவரோடு அது சமாளிக்கும், மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே பேசுபவரோடு முடியாது. விஎஸ் கோட் எடிட்டரின் லைவ் ஷேர் வசதியில் கோட் எழுத்தாகவே என் எடிட்டருக்கு வருகிறது. உள்தள்ளல் பீப் சத்தம் உட்பட எல்லாம் வேலை செய்யும், அவர் எங்கே நின்றாலும் நான் என் வேகத்தில் படிக்கலாம். ஸ்கிரீன் ஷேரோடு ஒப்பிட்டால் போட்டியே இல்லை. ஒரே குறை, ஹோஸ்ட் செஷனை மூடியதும் என் பக்கம் கோட் நிற்காது. அதனால் பிறகு பார்க்க வேண்டியதை மீட்டிங் நடக்கும்போதே ஒரு பிரான்ச்சில் புஷ் செய்யச் சொல்லிவிடுகிறேன்.