சென்னை டு சிங்கப்பூர்: சிமுலேட்டர் மேப்பா, சிம்ப்ரீஃபா?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020ல (கம்ப்யூட்டர்ல ப்ளேன் ஓட்டற கேம்) இந்த ரூட்ட, கேமுக்குள்ளயே இருக்கற மேப்லயும், சிம்ப்ரீஃப்ங்கற ஃப்ளைட் ப்ளான் வெப்சைட்லயும், ரெண்டு விதமாவும் ப்ளான் போட்டு ஓட்டியாச்சு, ரெண்டு தடவையும் ஃப்ளைபைவயர்ங்கற குழு இந்த கேமுக்காக செஞ்ச ஏ320நியோ தான் (ஓசில இப்படி ஒரு ஏர்பஸ் கிடைக்கிறதே பெரிய விஷயம்). நான் இப்ப முழுசா சிம்ப்ரீஃப் கட்சி, அத முதல்லயே சொல்லிடறேன்.

மேப்ல ரெண்டு ஏர்போர்ட்ட தட்டி, ஹை ஆல்டிட்யூட் ஏர்வேஸ்னு (உயரத்துல போற வான்வழிகள்) குடுத்தா அதுவே கோடு போட்டுடும். செஸ்னாவுல ஊர் சுத்த அது தாராளம். ஆனா இது சுமார் 1,570 நாட்டிகல் மைல், பெரும்பாலும் கடல், இதுக்கு எவ்வளவு ஃப்யூல் ஏத்தணும்னு மேப்ப நம்பி முடிவு பண்ண முடியாது. நான் எதுக்கு வம்புன்னு ஃப்ளைபேட்ல (காக்பிட்ல இருக்கற டேப்லெட்) டேங்க ஃபுல் பண்ணிட்டுப் போனேன், சாங்கி பக்கத்துல வந்து பாத்தா லேண்டிங் வெயிட் லிமிட் 67.4 டன், நான் அதுக்கு மேல ரெண்டு டன்னு கூட!

சிம்ப்ரீஃப் ட்ரிப் ஃப்யூல், அதுல 5% கன்டின்ஜென்சி (எதிர்பாராத செலவுக்கு), சாங்கில எறங்க முடியலன்னா பக்கத்துல இருக்கற செனாய்க்கோ பாத்தமுக்கோ போக ஆல்டர்னேட், கடைசியா 30 நிமிஷ ரிசர்வ், எல்லாத்தையும் அன்னிக்கு அடிக்கிற காத்தோட சேத்து கூட்டிக் குடுத்துடும். எனக்கு மொத்தம் 11 டன் கிட்ட வந்துச்சு. கிழக்க போறதால ஒத்தப்படை லெவல், 350ஓ 370ஓ (அதாவது 35,000 இல்ல 37,000 அடி), அதையும் அதுவே பாத்துக்கும். எம்சிடியுல (ப்ளேனுக்கு ரூட் குடுக்கற சின்ன கம்ப்யூட்டர்) இனிட் ரெக்வெஸ்ட்ட அமுக்கினா ரூட் தானா ஏறிடும்.

இதெல்லாம் எல்லாரும் சொல்றது தான், உண்மையான தலவலி ஏராக், அதாவது நேவிகேஷன் டேட்டாவ புதுப்பிக்கற சைக்கிள். நேவிகேஷன் டேட்டா 28 நாளுக்கு ஒருக்கா மாறும், எப்பவும் வியாழக்கிழம, பெரும்பாலும் வருஷத்துக்கு 13 சைக்கிள். சிம்ப்ரீஃப் ஓசி கணக்குல இருக்கறது பழைய சைக்கிள், நம்ம சிமுலேட்டர்ல அப்டேட் ஆன புதுசு. ஒரு அரைவல் ப்ரொசீஜர (ஏர்போர்ட்டுக்குள்ள வர்றதுக்கான நிர்ணயிச்ச பாதை) திருத்தினா பேர்ல இருக்கற நம்பர் ஒண்ணு கூடும், 1ஏ போய் 2ஏ ஆயிடும், ப்ளான்ல பழைய பேர், ப்ளேன்ல புதுப் பேர், எம்சிடியு "நாட் இன் டேட்டாபேஸ்"னு கைய விரிச்சிடும். முதல் தடவ நான் ஏதோ தப்பா டைப் பண்ணிட்டேன்னு நெனச்சு அரை மணி நேரம் கேட்லயே உக்காந்திருந்தேன். மேப்ல இந்தப் பிரச்சனையே கெடையாது, ரெண்டும் ஒரே டேட்டா, பராமரிப்பு பூஜ்யம். அந்த ஒரு விஷயத்துல அது ஜெயிச்சிடுது, ஒத்துக்கறேன்.

சிம்ப்ரீஃப்லயும் புது சைக்கிள் வேணும்னா நேவிகிராஃப்ங்கற கம்பெனிக்கு சந்தா கட்டணும், காசு குடுக்க மனசில்லன்னா ஒரு வழி இருக்கு. ஃப்யூலையும் நடு ஏர்வேயையும் மட்டும் சிம்ப்ரீஃப்லேருந்து எடுத்துக்குங்க, எஸ்ஐடி (கெளம்பற பாதை), ஸ்டார் (வந்து சேர்ற பாதை) ரெண்டையும் எம்சிடியு லிஸ்ட்ல என்ன காட்டுதோ அதுலேருந்து கையால போடுங்க, நடுவுல டிஸ்கன்டின்யூயிட்டி (ரூட்ல விட்டுப்போன இடைவெளி) வந்தா அழிச்சு விடுங்க. நான் ஆறேழு மாசம் இப்படித்தான் ஓட்டினேன்.

போயிங் பக்கம் நான் போனதில்ல, அங்க இம்போர்ட் எப்படின்னு போயிங்காரங்க தான் சொல்லணும். நேவிகிராஃப் சந்தாவ வருஷம் பூரா கட்றதில்ல, நெறைய ஓட்டப் போற மாசம் மட்டும் கட்டி, சிமுலேட்டர், சிம்ப்ரீஃப் ரெண்டும் ஒரே சைக்கிள் நம்பர் காட்டுதான்னு பாத்துட்டு தான் ப்ளான் பட்டன அமுக்கறேன்.