பேட்டரியை மாற்றினேன், மாடு போய்விட்டது: சொல் தேடும் செயலியோடு மூன்று ஆண்டுகள்

"மாமா, ஆங்கிலச் சொல் தேடும் செயலி ஒன்று வைத்திருக்கிறீர்களே, அது இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?" என்று அக்காள் மகன் கேட்டான். போன மாதம் கேட்டிருந்தால் "வாங்கு" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். அவன் கேட்டதோ எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் நான் தோற்ற ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். ஆகவே இவ்வளவு நீளம்.

செயலியின் பெயர் வேண்டாம். ஏழு எழுத்தைத் தட்டினால் அவற்றில் அமையும் சொற்களையெல்லாம் கொட்டும்; இன்ன எழுத்து இன்ன இடத்தில் வரவேண்டும் என்று குறித்தும் தேடலாம். இது தெரிந்த கதை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் லைன் கிடைக்காது. அங்கேயும் இது கண் இமைப்பதற்குள் பதில் சொல்லும். ஸ்கிராபிளில் செல்லும் சொற்களுக்கான காலின்ஸ் பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 279,496 சொற்கள். அத்தனையும் கைத்தொலைபேசிக்குள்ளேயே கிடக்கின்றன. அந்த வேகத்தைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

எங்கள் ஆட்டம் ஞாயிறு மாலை, பழைய கிராணியான (எழுத்தரான) சித்தப்பா வீட்டு அஞ்சடியில், அதாவது முன்தாழ்வாரத்தில். பன்னிரண்டு 'இ' கட்டைகளில் ஒன்று தொலைந்துபோய், ஜப்பான் சிலிப்பரில் வெட்டிய துண்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம். பைக்குள் கைவிட்டால் மெத்தென்று தட்டுப்படும். எடுப்பதா விடுவதா என்பது அவரவர் மனசாட்சி. ஆட்டம் நடக்கும்போது கைத்தொலைபேசிகள் பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். யாராவது ஒரு சொல்லை மறுத்தால் மட்டும் என்னுடையது வெளியே வரும். செயலி சொல்வதே தீர்ப்பு.

மகிழ்ச்சியைக் கொடுத்ததும் இதே செயலிதான். நூறு கட்டைகளில் 'கியூ' ஒன்றே ஒன்று, பத்துப் புள்ளி. கூட வேண்டிய 'யூ'வோ நான்குதான். அது வராவிட்டால் கடைசிவரை 'கியூ'வைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். ஒருநாள், 'கியூ' இருக்க வேண்டும், 'யூ' இருக்கக் கூடாது என்று தேடினேன். வந்த பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். காதி (நீதிபதி), தலாக், கிப்லா, வக்ஃபு, ஃபக்கீர்! எல்லாம் அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. ஹோட்டல் அறைக் கூரையில் தொழும் திசையைக் காட்டும் கிப்லாத் அம்புக்குறியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இவை புதிதா? ஆனால் மலாயில் இந்த ஐந்தையும் 'கே' போட்டுத்தான் எழுதுகிறார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து 'கே'யோடு பார்த்துப் பழகிய சொற்களுக்குள் பத்துப் புள்ளி 'கியூ' ஒளிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. சந்தியில் நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார மக்சிக்கிடம் படித்துக் காட்டினேன். இலையை மடித்துக்கொண்டே ஒன்றுவிடாமல் பொருள் சொன்னார். செயலி சொல்லாத பொருள்.

பொருள் தெரியாத சொல்லை வைத்தால் சித்தப்பாவுக்குப் பொறுக்காது. நம் கோலாலம்பூரிலேயே குடியிருக்கும் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் வாகை சூடியதை எடுத்துச் சொன்னேன். "அவர் வைக்கட்டும், நீ வைக்காதே" என்றார்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். செயலிக்குள் இரண்டு பட்டியல்கள். ஒன்று வட அமெரிக்காவுக்கு; மற்றது நம் நாட்டுப் போட்டிகளிலும் உலகப் போட்டியிலும் செல்லுபடியாகும் காலின்ஸ். ஈரெழுத்துச் சொற்கள் அமெரிக்கப் பட்டியலில் 107, காலின்ஸில் 127. நான் காலின்ஸைத் தேர்ந்து வைப்பேன். செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அமெரிக்காவுக்குத் திரும்பிவிடும். மூன்று ஆண்டுகளாக இதே கதை. எங்கள் லைன் மோசமாக இருப்பதால் அடிக்கடி புதுப்பிக்காது, நானும் மறந்துவிடுவேன்.

போன மாதம் ஈப்போவில் பேட்டரி மாற்றினேன். கடைப் பையன் தன் வைஃபையில் இணைத்துச் சோதித்துப் பார்த்தான். அவன் வேலையில் குறையில்லை. பேட்டரி இரண்டு நாள் தாங்குகிறது. அந்த அரைமணி நேரத்தில் செயலி புதுப்பித்துக்கொண்டதுதான் எனக்குத் தெரியாது.

ஞாயிறன்று, வலப்பக்கம் ஓர் 'ஓ', கீழே ஓர் 'ஓ'. நடுவே மூன்று மடங்கு எழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. என் கையில் 'இசட்'. வைத்தேன். குறுக்கே 'ஸோ', நெடுக்கே 'ஸோ'. ஒரே கட்டையில் 62 புள்ளி. "அப்படியென்றால்?" என்றார் சித்தப்பா. கவரிமாவுக்கும் பசுவுக்கும் பிறக்கும் கலப்பு மாடு என்றேன். "மாடா? எந்தத் தோட்டத்து மாடு?" என்று மறுத்தார். டின்னைத் திறந்து தட்டினேன். சிவப்பு எழுத்தில், அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது. எடுத்தேன், முறையும் போனது. தோற்றது 14 புள்ளியில்.

பட்டியலைச் சரிபார்க்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் ஒவ்வொரு தடவையும் காவல் காக்க வேண்டுமா? தயாரித்தவர்களுக்கு இதுவரை மூன்று முறை எழுதிவிட்டேன். கருத்துக்கு நன்றி என்று மூன்று முறையும் ஒரே பதில். எழுத்துப் பிழைகூட மாறவில்லை.

வேகத்துக்கும் 'கியூ'வுக்கும் சேர்த்து நான்கு நட்சத்திரம் கொடுக்கலாம். நான் ஒன்றுதான் கொடுத்திருக்கிறேன். மருமகனிடம் "வேண்டாம், காசை வீணாக்காதே" என்று சொல்லிவிட்டேன். என்னுடையதை நீக்கினேனா என்றால், இல்லை. இந்த ஞாயிறும் அதுதான் நடுவர். ஆட்டம் தொடங்குமுன் சித்தப்பா என்னை 'ஸோ' என்று தட்டிக் காட்டச் சொல்கிறார். பச்சை எழுத்து வந்தால்தான் பையை அவிழ்க்கிறார்.